வீடற்றோர் படிவத்தில் இனத்துக்கு மதிப்பெண் தரலாமா?

கேள்வி: ஒஹாயோவில் வீடற்றோர் உதவி மையம் ஒன்றில் பணிபுரிகிறேன். யாருக்கு முதலில் வீடு என்பதை 'வி.ஐ.-ஸ்பிடாட்' என்ற படிவத்தின் மதிப்பெண்ணே தீர்மானிக்கிறது. மிக மோசமான நிலையில் வரும் கறுப்பினத் தாய்மார்கள் குறைந்த மதிப்பெண்ணுடன் பட்டியலின் அடியில் தங்கிவிடுகிறார்கள். "எல்லோரிடமும் ஒரே கேள்விதானே கேட்கிறோம்" என்கிறார் மேலாளர். இவர்களுக்கு இனத்தின் பேரில் கூடுதல் மதிப்பெண் தரலாமா?

பதில்: தரக்கூடாது. இனத்தைப் பார்த்து வீடு கொடுப்பதையும் மறுப்பதையும் அமெரிக்காவின் 1968-ஆம் ஆண்டு நியாய வீட்டுவசதிச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் நீங்கள் கவனித்தது உண்மையான கோளாறு. அதைத் திருத்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

படிவம் என்ன கேட்கிறது? போதைப் பழக்கத்தால் வீட்டை இழந்ததுண்டா, மனநலச் சிக்கல் உண்டா, கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனீர்கள்? 'ஆம்' என்றால்தான் மதிப்பெண் ஏறும். குடும்பப் படிவத்தில் மொத்தம் 22. நிலையான ஆதரவு வீட்டுக்கு, அதாவது உதவிச் சேவைகளுடன் கூடிய நிரந்தர வீட்டுக்கு, பரிந்துரை பெற 9 வேண்டும். குழந்தைகள் நலத்துறை தன் பிள்ளைகளைப் பிரித்துவிடுமோ என்று அஞ்சும் தாய், முன்பின் தெரியாத ஊழியரிடம் 'ஆம்' என்பாரா? கறுப்பினக் குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் பிரிக்கப்படுவது அவர்களின் மக்கள்தொகை விகிதத்தைவிட அதிகம். அந்த அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. கேள்வி ஒன்றுதான், உண்மையைச் சொல்வதற்குக் கொடுக்கும் விலை ஒன்றல்ல.

இது உங்கள் ஊரில் மட்டும் நடப்பதல்ல. ஓரிகன், வாஷிங்டன், வர்ஜீனியா மாநிலத் தரவுகளை வைத்து 2019-இல் வெளிவந்த ஆய்வும், வெள்ளையர் அல்லாதோருக்கு இப்படிவத்தில் மதிப்பெண் குறைவதைக் காட்டியது. படிவத்தை உருவாக்கிய ஆர்க்கோட் நிறுவனமே 2020-இல் அதைப் படிப்படியாகக் கைவிடுவதாக அறிவித்தது. மேலாளரிடம் இதை முதலில் சொல்லுங்கள்.

உடல்நலக் கேள்விகளையும் உரசிப் பாருங்கள். மருத்துவமனைக்குப் போன தடவைகளை எண்ணினால், மருத்துவத்தை எளிதில் அணுக முடிந்தவருக்கே மதிப்பெண். தனிநபர் படிவத்தில் வயதுக்கான மதிப்பெண் 60-இல்தான் தொடங்குகிறது. கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் 50 வயதைத் தாண்டிய வீடற்ற 350 பேரை மருத்துவர் மார்கோ குஷெல் குழு ஆராய்ந்தது. அவர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். ஆய்வில் பங்கேற்றவர்களிடம், அவர்களைவிட இருபது வயது மூத்தவர்களுக்கு வரும் தள்ளாமையைக் குழுவினர் கண்டார்கள். பாதிக்குச் சற்றுக் குறைவானோர் முதன்முதலாக வீடிழந்ததே 50-க்குப் பிறகுதான். வயது வரம்பை 50-க்கு இறக்கினால் அது எல்லா இனத்தவருக்கும் பொதுவான விதி. இனத்தைப் பார்த்து மதிப்பெண் தருவதாக ஆகாது.

அப்படியே வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட வழக்குகள், தெருவில் கழிந்த மாதங்கள், கர்ப்ப காலச் சிக்கல் போன்றவற்றையும் சேர்க்கலாம். இவை ஆபத்தை அளப்பதால் சேர்க்கப்பட வேண்டும்; இனத்துக்கு மாற்று அடையாளமாக அல்ல. வீட்டுவசதிச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் விதிகளைப் படித்துப் பார்ப்பது அவசியம். பென்சில்வேனியாவின் அலெகெனி மாவட்டம் 2020-இல் கேள்விப் பட்டியலையே விட்டு, அரசிடம் ஏற்கெனவே உள்ள பதிவுகளைக் கொண்டு ஆபத்தைக் கணிக்கத் தொடங்கியது. பழைய பதிவுகளிலும் பாரபட்சம் படிந்திருக்கும் என்பதால், அந்த வழியை நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க மாட்டேன்.

படிவம் மாறும்வரை நேர்காணல் உங்கள் கையில் இருக்கிறது. வந்த அன்றே கேள்விகளைக் கொட்டாதீர்கள். பதில்களை யார் பார்ப்பார்கள், எதைச் சொன்னால் நீங்கள் சட்டப்படி புகார் செய்தாக வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம்பிக்கை வந்தபின் மறுமதிப்பீடு செய்யுங்கள்.

முன்னுரிமை விதியை மாற்றும் அதிகாரம், வீடற்றோர் உதவிகளை ஒருங்கிணைக்கும் வட்டாரக் குழுவுக்கே ('கன்டினியூவம் ஆஃப் கேர்') உண்டு. அங்கே போகுமுன் ஒரு அட்டவணை தயாரியுங்கள்: மதிப்பிடப்பட்டோர், பரிந்துரை பெற்றோர், குடியேறியோர், மீண்டும் தெருவுக்கு வந்தோர் என்று ஒவ்வொரு கட்டத்திலும் இனவாரியாக எத்தனை பேர் என்று. பெயர்களை நீக்கிவிடுங்கள். வீடற்ற நிலையிலிருந்து மீண்ட இரண்டு மூன்று பேரை, அவர்கள் நேரத்துக்கு ஊதியம் கொடுத்து, உடன் அழைத்துச் செல்லுங்கள். எந்தக் கேள்விக்கு ஏன் பொய் சொன்னோம் என்று அவர்களே சொல்லட்டும்.