நெப்ராஸ்காவின் பழைய நிலவரைபடத்தில் ஏன் இத்தனை கட்டங்கள்?

அமெரிக்க மாநிலமான நெப்ராஸ்காவின் மேற்குப் பகுதிக்கான பழைய நிலவரைபடத்தில் மணல்மேடுகள் மேலேயே நேர்நேராகக் கட்டம் ஓடுகிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டம் போட்டது நில அளவையாளர்கள். 1785 சட்டம் வகுத்த முறைப்படி நிலத்தை பக்கத்துக்கு 6 மைல் உள்ள சதுரங்களாக, அதாவது டவுன்ஷிப்புகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் 36 துண்டாக்கினார்கள். ஒரு துண்டு 640 ஏக்கர். 1862 ஹோம்ஸ்டெட் சட்டம் குடியேறியவருக்குக் கொடுத்தது அதில் கால்வாசி, 160 ஏக்கர். மழை குறைந்த மணல்மேட்டில் அதை வைத்துக்கொண்டு மாடு மேய்த்துப் பிழைப்பது பெரும்பாடு. அதனால்தான் 1904இல் கின்கெய்ட் சட்டம் அங்கே 640 ஏக்கர் வரை கொடுத்தது.

மேடுபள்ளம் வரைந்தது வேறு ஆட்கள்: 1879இல் தொடங்கிய அமெரிக்கப் புவியியல் அளவைத் துறையினர். முக்காலி மேல் பலகை, அதில் தாள், தொலைநோக்கி பொருத்திய அளவுகோல். வெளியிலேயே நின்று பென்சிலால் சமஉயரக் கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பது) இழுத்தார்கள். வரைபடத்தில் பழுப்பு உயரம், நீலம் தண்ணீர், கறுப்பு மனிதர் கட்டியது. பொடிக் கறுப்புச் சதுரம் ஒரு வீடு. பிந்தைய பதிப்பில் அது மறைந்து காற்றாலை மட்டும் நின்றால், குடும்பம் கிளம்பி நிலம் பெரிய பண்ணையோடு சேர்ந்திருக்கலாம். பத்திரம் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது.

அப்புறம், கட்டக்கோட்டை ஒட்டி ஓடும் நேர்ச்சாலை திடீரென ஒடிந்தால் அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். வடக்கே போகப் போகத் தீர்க்கக்கோடுகள் நெருங்கும். அதை ஈடுகட்டப் பொதுவாக 24 மைலுக்கு ஒருமுறை கட்டத்தையே கொஞ்சம் நகர்த்தியிருக்கிறார்கள்.