மாட்டுப்பட்டியும் பி.ஜே.கே.யும்

அன்புள்ள ஐயா,
தொழிலாளர் இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்ற அப்பா தவறி ஒரு வருடமாகப் போகிறது. திதிக்கு நினைவு மலர் போடுகிறோம். பி.ஜே.கே. விருது, பதவி உயர்வு எல்லாம் தொகுத்துவிட்டோம். பத்தாங் பெர்ஜுந்தையில் கடைசிவரை மாடு வளர்த்தாரே, அதை எழுதினால் மரியாதையாக இருக்காது என்கிறார் அண்ணன். அட்டைக்கு எந்தப் படம் போடலாம்? எத்தனை பக்கம் இருக்கலாம்?
— ஒரு மகள், ஷா ஆலம்

அன்புள்ள தங்கச்சி,

படம் எதுவானாலும் சரி. பக்கக் கணக்கை அச்சகத்தில் கேளுங்கள். அண்ணன் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பால் விற்ற காசில் படித்தவருக்கு இப்போது மாடு மரியாதைக் குறைவாகிவிட்டதா?

2007-ல் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். அதற்கு வெகுமுன்பே உங்கள் அப்பாவை எனக்குத் தெரியும். ஆபீஸ் கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, வயிறு உப்பிய கன்றின் தலையை லேசாகத் தூக்கி, கடைவாயில் பீர் போத்தலைச் செருகி நல்லெண்ணெய் புகட்டுவார். அவசரப்பட்டால் புரையேறிவிடும் என்று சொட்டுச் சொட்டாக. கன்று ஏப்பம் விட்ட பிறகுதான் கை கழுவப் போவார்.

தோட்டத்து மாட்டைப் பற்றி உங்கள் தலைமுறைக்கு என்ன தெரியும்? மழை பெய்தால் ரப்பர் மரத்தில் பால் சீவ முடியாது, நாள்கூலி போச்சு. அன்றைக்கு அடுப்பு எரிந்தது மாட்டால்தான். இந்தியாவிலிருந்து நம் ஆட்களோடு வந்த மாடுகளின் வம்சம் அது. கால்நடை இலாகா ஏடுகளில் 'லோக்கல் இந்தியன் டெய்ரி' என்று தனி இனமாகவே இருக்கிறது. ரப்பரை அழித்துப் பாமாயில் எடுக்கும் செம்பனையை நட்டபோது, இளங்குருத்தைக் கடிக்கிறது என்று நிர்வாகங்கள் மாட்டை விரட்டின. பிற்பாடு ஆராய்ச்சியாளர்கள், வளர்ந்த செம்பனைக்கடியில் மாடு மேய்ந்தால் களையெடுக்கும் செலவு குறைகிறது என்று கண்டுபிடித்தார்கள். தோட்டக் குடியிருப்பான லயத்துக் கிழவி யாரையாவது கேட்டிருந்தால் வெற்றிலைக் காசுக்கே சொல்லியிருப்பாள்.

நான் சொல்ல வந்தது 1969. மலேசியக் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும், குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். உங்கள் அப்பா அப்போது இளம் கிராணி, அதாவது குமாஸ்தா. பகலில் அவர்களுக்கு ஆபீஸ் ஃபாரம் நிரப்பிக் கொடுப்பார். சாயங்காலம் அதே ஆட்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் நிற்பார்கள். மாட்டை ரஜூலா கப்பலிலா ஏற்ற முடியும்? என் பெரியப்பாவும் தன் செவலையை அவரிடம்தான் விட்டுப் போனார். அடிமாட்டு விலைக்கு வாங்கிக் குவித்தார் என்று கடைத்தெருவில் பேச்சு உண்டு. பெரியப்பா அப்படிச் சொன்னதில்லை. கேட்ட விலையைக் கொடுத்தார், கறிக்கடைக்கு அனுப்ப மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தார் என்றுதான் ஊரிலிருந்து எழுதினார். உங்கள் அப்பாவின் பட்டி அப்படிப் பெருகியது. அதை விட்டுவிட்டு உத்தியோகத்தை மட்டும் எப்படியம்மா எழுதுவீர்கள்?

அவர் ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார். எந்த மாடு, யாரிடம் வாங்கியது, எந்தத் தோட்டம், என்ன விலை, எல்லாம் அதில் இருக்கும். ஆபீஸ் காகிதங்களுக்குள் தேடாதீர்கள், தவிட்டு மூட்டை வைக்கும் பக்கம் பாருங்கள். கிடைத்தால் மலரில் அப்படியே அச்சிடுங்கள். பெரியப்பாவின் பக்கத்தை மட்டும் எனக்கு நகலெடுத்து அனுப்புங்கள். அண்ணன் முறைத்தால் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.