கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: திறந்து கிடக்கும் டாஷ்போர்டு

கேள்வி: மேடம், கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட வேலையெல்லாம் நான்தான் பார்க்கிறேன். ஆபீஸ் சர்வரில் அளவுகளைச் சேகரிக்கும் புரோமிதியஸ், அவற்றைப் படமாகக் காட்டும் கிராஃபானா இரண்டையும் டாக்கரில் (புரோகிராம்களைத் தனித்தனி 'கன்டெய்னர்'களில் ஓட்டும் மென்பொருள்) போட்டு, ட்ரையர் வெப்பநிலை, யுபிஎஸ் சார்ஜ், டிஸ்க் நிலவரம் எல்லாம் ஒரே டாஷ்போர்டில் தெரிகிற மாதிரி செய்திருக்கிறேன். முதலாளி மேட்டுப்பாளையத்தில் இருக்கிறார். போனில் பார்க்க வேண்டும் என்றார். ஸ்டாட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வாங்கி, ரூட்டரில் கிராஃபானாவுக்கு 3000, புரோமிதியஸுக்கு 9090 என்ற போர்ட்களை (உள்ளே வரும் வாசல்கள்) திறந்துவிட்டேன். இப்போது லாகில் (சர்வரின் பதிவேட்டில்) எங்கெங்கோ இருந்து லாகின் முயற்சிகள் தெரிகின்றன. பயந்துபோய் சர்வரின் ஃபயர்வாலான யுஎஃப்டபிள்யூவில் 9090-ஐத் தடுத்தேன்; அப்படியும் வெளியிலிருந்து திறக்கிறது! போர்ட் எண்ணை மாற்றினால் போதுமா?
— வாசகர், கோத்தகிரி

பதில்: போதாது, தம்பி. முதலில் ரூட்டரில் அந்த இரண்டு போர்ட்களையும் மூடிவிட்டு வாருங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். முதலாளி இரண்டு நாள் டாஷ்போர்டு பார்க்காவிட்டால் ட்ரையர் நின்றுவிடாது.

லாகில் தெரிகிறவர்கள் உங்கள் தொழிற்சாலையைத் தேடி வந்தவர்கள் இல்லை. 2013-இல் வந்த இசட்மேப் என்ற கருவி, நல்ல இணைப்பு இருந்தால் மொத்த ஐபிவி4 (இன்டர்நெட்டின் பழைய வகை) முகவரிகளையும் ஒரு போர்ட்டுக்கு 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். ஷோடான் மாதிரித் தளங்கள் அப்படித் தட்டிக் கிடைத்ததைப் பட்டியல் போட்டே வைத்திருக்கின்றன. 3000-ஐ 3917 என்று மாற்றினால் லாகில் கொஞ்ச நாள் சத்தம் குறையும், அவ்வளவுதான்.

நீங்கள் கிராஃபானாவின் லாகினைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு 9090 மேல்தான் கவலை. கிராஃபானாவிலாவது கடவுச்சொல் இருக்கிறது (அது இன்னும் 'அட்மின்' இல்லையே?). புரோமிதியஸில் நாமாக அமைக்காவிட்டால் லாகினே கிடையாது, திறந்தால் திறந்ததுதான். எந்தெந்த இயந்திரத்தைக் கண்காணிக்கிறீர்கள், அவற்றின் உள் ஐபி என்ன என்பதெல்லாம் அதில் தெரியும். 9100-இல் நோட் எக்ஸ்போர்ட்டரும் (சர்வரின் நிலவரத்தைப் புரோமிதியஸுக்குச் சொல்லும் புரோகிராம்) ஓடினால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிப்பு, டிஸ்க் பெயர்கள் வரைக்கும் வந்துவிடும். திருட வருகிறவனுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்த மாதிரி. போட்டிக்காரர் ஒருவர் பார்த்தால்கூட, ட்ரையர் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை வைத்து இன்று எவ்வளவு கொழுந்து வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுவிடுவார். குன்னூர் தேயிலை ஏலத்துக்கு முன்னால் அது உங்களுக்குத் தேவையா?

யுஎஃப்டபிள்யூ விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். டாக்கரில் போர்ட்டை '3000:3000' என்று வெளியிட்டால், டாக்கர் தன் விதிகளை லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் தானே எழுதிக்கொள்ளும். வருகிற பாக்கெட், யுஎஃப்டபிள்யூ விதிகளைத் தொடாமலே கன்டெய்னருக்குப் போய்விடும். டாக்கர் அமைப்புகள் இருக்கும் கம்போஸ் கோப்பில் '127.0.0.1:3000:3000' என்று எழுதுங்கள்; அப்போது அந்த சர்வருக்குள் மட்டும்தான் திறக்கும். புரோமிதியஸுக்கு வெளியே போர்ட்டே வேண்டாம், அந்த வரியை எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒரே டாக்கர் நெட்வொர்க்கில் இருந்தால் கிராஃபானா அதைப் பெயர் சொல்லியே கூப்பிட்டுக்கொள்ளும். உங்கள் இணைப்பில் ஐபிவி6 (புதிய வகை முகவரி) இருந்தால் அந்தப் பக்கமும் பாருங்கள். ஐபிவி4-ஐப் பூட்டிவிட்டு இதை மறந்தவர்கள் ஏராளம்.

சரி, முதலாளி எப்படிப் பார்ப்பது? வயர்கார்டு என்ற விபிஎன் (போனுக்கும் சர்வருக்கும் நடுவே பூட்டிய தனி வழி) போடுங்கள். 2020-இல் வந்த லினக்ஸ் 5.6 முதல் கெர்னலிலேயே இருக்கிறது. ரூட்டரில் அதற்கு ஒரே ஒரு யுடிபி போர்ட், வழக்கமாக 51820, திறந்தால் போதும். சரியான சாவி இல்லாத பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது. தட்டிப் பார்க்கிறவனுக்கு அங்கே எதுவும் இருப்பதாகவே தெரியாது. முதலாளி போனில் செயலியை நிறுவி, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து கொடுத்தால் முடிந்தது. போட்ட பிறகு, கிராஃபானாவை 127.0.0.1-க்குப் பதில் சர்வரின் வயர்கார்டு முகவரியில் வெளியிடுங்கள், இல்லையென்றால் அவருக்கும் திறக்காது. சர்வர் மறுபடி ஸ்டார்ட் ஆகும்போது டாக்கருக்கு முன்னால் வயர்கார்டு எழுந்திருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் நம் மலையில் கரன்ட் போய்ப் போய் வரும், இது முக்கியம்.

'நீளமான கடவுச்சொல் வைத்துத் திறந்தே விடலாமே' என்று அடுத்த கடிதம் வரும். 2021 டிசம்பரில் கிராஃபானா 8.0 முதல் 8.3.0 வரையான பதிப்புகளில் ஓர் ஓட்டை வெளிவந்தது. லாகின் செய்யாமலே சர்வரில் உள்ள கோப்புகளைப் படிக்க முடிந்தது. கடவுச்சொல் நாற்பது எழுத்தாக இருந்தாலும் என்ன பயன்? அதனால் பதிப்பைப் புதுப்பித்து, பயனர் பட்டியலிலும் சர்வீஸ் அக்கவுன்ட்டுகளிலும் (புரோகிராம்களுக்கான கணக்குகள்) தெரியாத பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அட்மின் கடவுச்சொல்லோடு டேட்டா சோர்ஸ் (கிராஃபானா தகவல் எடுக்கிற இடம்) கடவுச்சொற்களையும் மாற்றுங்கள்.

முதலாளிக்கு அட்மின் கணக்கு வேண்டாம், 'வியூவர்' போதும். ஆனால் வியூவர் என்றால் போட்டிருக்கிற படங்களை மட்டும்தான் பார்ப்பார் என்று நினைக்காதீர்கள்; அந்த டேட்டா சோர்ஸில் வேறு எந்தக் கேள்வியையும் கேட்க அவரால் முடியும். முதலாளி கேட்கட்டும். ஏஜென்டுக்கும் ஒரு கணக்கு கொடு என்று அவர் சொன்னால் மட்டும் யோசியுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். எங்கள் டாஷ்போர்டு இன்டர்நெட்டில் இல்லை, வைஃபையில் மட்டும்தான் திறக்கும். பயமில்லைதானே?
— வாசகி, கொடைக்கானல்

பதில்: விருந்தினருக்கும் அதே வைஃபை கடவுச்சொல்லைத்தான் கொடுக்கிறீர்களா, அம்மா? மே மாத சீசனில் எத்தனை போன், எத்தனை லேப்டாப் அதில் ஏறி இறங்கும்! அவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஒரு லேப்டாப்பில் வைரஸ் இருந்தால் போதும். விருந்தினர் வைஃபையைத் தனியாகப் பிரித்து, அங்கிருந்து உள் நெட்வொர்க்குக்கு வழியில்லாமல் செய்யச் சொல்லுங்கள். அநேக ரூட்டர்களில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்றே இருக்கும். பிரித்த பிறகு உங்கள் போனை அந்த வைஃபையில் இணைத்து டாஷ்போர்டு, கேமரா ரெக்கார்டர், ரூட்டர் பக்கம் மூன்றையும் திறந்து பாருங்கள். ஒன்று திறந்தாலும், செய்தவரை மறுபடி வரச் சொல்லுங்கள். மூன்றும் திறக்காமல் போன பிறகு பணம் கொடுங்கள்.