ப்ரூட்டல் லெஜண்ட் – கடிதம்

வணக்கம் அண்ணா,

ஹெவி மெட்டல் கேட்காதவர்களும் விளையாடிப் பார்க்கலாம் என்று 'ப்ரூட்டல் லெஜண்ட்' பற்றி எழுதியிருந்தீர்கள். அதை நம்பித் தள்ளுபடியில் வாங்கினேன். தொடக்கம் பிரமாதம். கையில் கோடாலி, முதுகில் கிடார், போதாததற்கு ஒரு கார். அடித்து நொறுக்கிக்கொண்டே போனேன். அப்புறம் திடீரென்று ஒரு மேடையைக் கொண்டுவந்து வைத்து, ரசிகர்களைச் சேர், கடை போடு, படை திரட்டு என்கிறான். சண்டை போட வந்தவனுக்குக் கணக்குப்பிள்ளை உத்தியோகம். திரும்பத் திரும்பத் தோற்று மூடி வைத்துவிட்டேன்.

இன்னொன்று. அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "என்னடா இது, எங்க பாத்தாலும் மண்டை ஓடு, நெருப்பு, பேயி. அணைச்சுட்டுப் படு" என்றார். எனக்கும் தோன்றியது, இந்த வெள்ளைக்காரன் சமாச்சாரம் குடியாத்தத்துக்காரனுக்கு எதற்கு? 2009இல் வந்த கேமை இன்னும் தூக்கிப் பிடிக்கிறீர்களே, நிஜமாகவே நல்ல கேமா, இல்லை வயசுக் காலத்து மயக்கமா?

சு., குடியாத்தம்

*

அன்புள்ள சு.,

முதலில் அம்மா. குடியாத்தத்தில் இருந்துகொண்டு வெட்டுண்ட தலைக்கும் நெருப்புக்கும் பயப்படலாமா? வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசு கிளம்பும்போது உங்கள் தெருவில் யார் வீட்டுக்குள் இருக்கிறார்கள்? தெய்வத்தின் தலை மட்டும் தனியாக ஊர்வலம் வந்து, கோயிலில் சண்டாளச்சியின் உடலில் பொருத்தப்படுகிறது. இங்கே வேலூரில் சிவராத்திரி முடிந்த அமாவாசையில் மயானக் கொள்ளை. காளி வேஷம் கட்டியவர்கள் ஆவேசத்தோடு பாலாற்றுக்கு இறங்குவதைத் தோளில் பிள்ளையை உட்கார வைத்துக் காட்டுகிற ஊர் இது.

இதைச் சொல்வதால் மெட்டலும் நம்ம பாட்டன் சொத்து என்று ஆரம்பித்துவிடுவேன் என நினைக்காதீர்கள். அப்படிப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. மெட்டல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் தொழிற்சாலைத் தெருக்களில் பிறந்தது. பிளாக் சப்பாத் இசைக்குழுவின் கிடாரிஸ்ட் டோனி ஐயோமி, 17 வயதில் தகடு வேலை செய்யும் ஆலையில் இயந்திரத்தில் கை மாட்டி இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். விரலுக்குத் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு, அழுத்துவதற்கு வசதியாகப் பிற்பாடு கிடார் கம்பிகளையும் தளர்த்தினார். அந்தக் கனமான, இருண்ட ஓசையில் அதற்கும் பங்குண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

அம்மாவை உத்தேசித்து ஒரு தகவல். கதாநாயகன் எட்டி முதல் கெட்ட வார்த்தையை உதிர்க்கப் போகிற நொடியில் கேம் நின்று, இதைக் கேட்க விருப்பமா, மறைத்துவிடவா என்று கேட்கும். ரத்தத்துக்கும் அப்படியே. நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம். மயக்கம் கொஞ்சம் உண்டு. ஆனால் அதற்காக மட்டும் தூக்கிப் பிடிக்கவில்லை. மேடைச் சண்டை கேமுக்குள் ஒட்டவைத்த அந்நியச் சரக்கு என்பது உங்கள் கட்சி. என் கட்சி நேர் எதிர். கேமின் உயிரே அதுதான். அதை நம் கையில் கொடுத்த விதத்தில்தான் சொதப்பிவிட்டார்கள்.

எட்டி ரிக்ஸ் யார்? பாட்டுக்காரன் இல்லை, நட்சத்திரம் இல்லை. ரோடி. மேடை கட்டி, ஸ்பீக்கர் தூக்கி, வயர் இழுத்து, கிடாருக்குச் சுருதி சேர்த்து வைத்துவிட்டு, கச்சேரி ஆரம்பித்ததும் இருட்டுக்குள் ஒதுங்குகிற ஆள். நம்மூர்த் திருவிழா மைக்செட்காரர் மாதிரி. அவர் இல்லாமல் ஒன்றும் நடக்காது, நோட்டீஸில் அவர் பெயர் கடைசி வரியில் பொடி எழுத்தில் இருக்கும். முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். தனக்குப் பிடிக்காத ஒரு பொடியன்கள் குழுவுக்கு வேலை பார்க்கிறான். மேடை அலங்காரத்தில் தொற்றி ஏறிய ஒருவன் விழ, ஓடிப்போய்க் காப்பாற்றுகிறான், சரிந்த அலங்காரம் இவன் மேல் விழுகிறது. ரத்தம் பெல்ட் பக்கிளில் சொட்ட, நெருப்புப் பூதம் எழுந்து, வேறொரு உலகத்தில் கண் விழிக்கிறான். அங்கேயும் தலைவனாகவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். தலைவன் லார்ஸ். இவன் வண்டி கட்டுகிறான், ஆள் சேர்க்கிறான், மேடை போடுகிறான்.

அப்படிப்பட்டவனுக்கு யுத்தம் என்றால் எப்படி இருக்க வேண்டும்? அவன் தொழில் மாதிரியே. ரசிகர்களின் ஆவிகள் ஊற்றெடுக்கும் இடத்தைப் பிடித்து, கிடாரில் சோலோ (தனி வாசிப்பு) வாசித்து அங்கே டி-ஷர்ட் கடையை எழுப்பி, அதில் சேரும் ரசிகர்களைச் செலவழித்துப் படையை இறக்கி, எதிரியின் மேடையை உடைப்பது. நீங்கள் கணக்குப்பிள்ளை வேலை என்று கிண்டல் செய்தது, எட்டி ஆயுசு முழுக்கச் செய்த வேலை. பாத்திரத்தையும் விதியையும் இவ்வளவு இறுக்கமாகப் பின்னிய கேம்கள் குறைவு.

யோசனை இவ்வளவு நன்றாக இருந்து என்ன பயன்? முதல் சில மணி நேரம் நமக்கு வேறொரு கேமையல்லவா பழக்கிவிடுகிறான். கோடாலியை வீசு, காரை ஏற்று, அவ்வளவுதான். விளம்பரமும் அப்படி. எட்டிக்குக் குரல் கொடுத்த ஜாக் பிளாக்கின் முகமும் கோடாலியும்தான் தெரிந்தன, மேடைச் சண்டை பற்றி மூச்சு விடவில்லை. வெளியிட்ட டெமோவும் அந்தத் தொடக்கப் பகுதிதான். கேமை உருவாக்கிய டிம் ஷேஃபரின் டபுள் ஃபைன் நிறுவனம் இதை முதலில் பலர் சேர்ந்து ஆடும் வியூக விளையாட்டாகத்தான் யோசித்தது. 1989இல் சேகா மெகா டிரைவ் கன்சோலில் வந்த 'ஹெர்ட்சோக் ட்ஸ்வை' அவர்களுக்கு முன்மாதிரி. பறந்து திரியும் ஒருவனே படையையும் ஏவுகிற கேம் அது. நடுவில் வெளியீட்டாளர் வேறு மாறியது. முதலில் வெளியிட இருந்த விவெண்டி ஆக்டிவிஷனோடு இணைந்ததும் கேம் கைவிடப்பட்டு, எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் எடுத்துக்கொள்ள, ஆக்டிவிஷன் வழக்குப் போட்டு, கடைசியில் சமரசமானது. வியூகம் என்றால் கன்சோல்காரர்கள் வாங்க மாட்டார்கள் என்ற பயம் விற்கிறவர்களுக்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம். மறைத்து விற்றதால் நஷ்டம் கேமுக்குத்தான். உங்களைப் போல எத்தனை பேர் அந்த மேடையைக் கண்டதும் எழுந்து போனார்கள்!

கட்டுப்பாட்டிலும் கோளாறு. இறக்கை முளைத்துப் பறக்கலாம், சரி. ஆனால் களம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க வழியில்லை. இங்கே கடை எரிகிறது என்று பறந்து வந்தால் அங்கே மேடை சரிகிறது. ஒரு பிரிவை மட்டும் தனியாக ஏவுவது பெரும்பாடு. கதையும் பாதிக்கு மேல் மூச்சு வாங்குகிறது. எதிரி லயன்வைட்டை வீழ்த்தும் வரை ஒவ்வொரு இடத்தையும் நிதானமாகக் காட்டியவர்கள், அதன்பின் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஓடுகிறார்கள். பக்கப் பணிகளோ நாலைந்து வகையைத்தான் இடம் மாற்றி மாற்றித் தருகின்றன. மறைந்திருந்து தாக்கு, பீரங்கியால் சுடு, பந்தயம் ஓட்டு. அலுத்துவிடும்.

அந்த உலகம் மட்டும் அலுப்பதில்லை. எங்கே நின்று பார்த்தாலும் ஒரு ரெக்கார்டு அட்டையின் ஓவியம் மாதிரி இருக்கிறது. ஸ்பீக்கர் பெட்டிகளே மலைச்சுவராக அடுக்கி நிற்கும், சிறுத்தையின் கண்ணில் லேசர் வரும். எட்டி ரிக்ஸ் என்ற பெயரே அயர்ன் மெய்டன் குழுவின் சின்னமான எட்டியையும், அதை வரைந்த ஓவியர் டெரிக் ரிக்ஸையும் சேர்த்தது. கிண்டலிலும் பாசம் இருக்கிறது. சுரங்கத்தில் பையன்கள் தலையாலேயே பாறையை முட்டி உடைக்கிறார்கள், கழுத்து அடிமரம் போலத் தடித்திருக்கிறது. எட்டி வந்து மீட்டதும் அவர்கள்தான் முதல் படை. கச்சேரியில் தலையாட்டுகிறவனைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவன் மட்டும் எழுதக்கூடிய நகைச்சுவை இல்லை இது. தானும் தலையாட்டியவன் எழுதியது. பேஸ் கிடார் வாசித்துக் காயத்தை ஆற்றுகிற கில் மாஸ்டருக்குக் குரல் மோட்டர்ஹெட் குழுவின் லெமி, கேரேஜ் நடத்தும் காவலனுக்கு ஓஸி ஆஸ்போர்ன், தலைமுடியாலேயே பறக்கும் லயன்வைட்டுக்கு ஜூடாஸ் ப்ரீஸ்ட் குழுவின் ராப் ஹால்ஃபோர்ட். தங்கள் பிம்பத்தைத் தாங்களே பகடி செய்ய மூவரும் சம்மதித்திருக்கிறார்கள். கார் ரேடியோவில் 100க்கும் மேற்பட்ட பாடல்கள். பல பாடல்கள் மண்ணில் புதைந்த சின்னங்களைச் சோலோ வாசித்து எழுப்பினால்தான் கிடைக்கும்.

ஆனால் இவ்வளவு இசையும் காதுக்குத்தான், விரலுக்கு இல்லை. கிடார் சோலோ என்பது சில பட்டன்களை வரிசையாக அழுத்துவது, அவ்வளவே. அந்தக் குறையை 2022இல் வந்த 'மெட்டல்: ஹெல்சிங்கர்' என்ற கேம் தீர்த்தது. அங்கே தாளத்தில் சுட்டால்தான் அடி பலமாக விழும். தாளம் தப்பாமல் போனால் இசை அடுக்கடுக்காகச் சேரும், மதிப்பெண் பெருக்கம் 16 மடங்கைத் தொட்டால்தான் பாடகரின் குரலே வரும். சிஸ்டம் ஆஃப் எ டவுன் குழுவின் பாடகர் செர்ஜ் டாங்கியன் உள்ளே நுழையும்போது அவரை நாமே வரவழைத்தது போல இருக்கும். உலகம் என்று பார்த்தால் அங்கே சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நரகத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகிறோம், அதே அரக்கர்கள். இரண்டையும் ஒன்றாக்கிய கேமுக்கு இன்னும் காத்திருக்கிறேன்.

நீங்கள் திரும்பப் போவதாக இருந்தால் கடினத்தை 'ஜென்டில்' ஆக்கிக்கொள்ளுங்கள், இதில் மானப் பிரச்சினை எதுவும் இல்லை. மேடைச் சண்டை தொடங்கியதும் கோடாலியைத் தொடாதீர்கள். பறந்துபோய்ப் பக்கத்து ஊற்றுகளில் கடையை எழுப்புங்கள். முதல் கடை வந்ததும் நிற்காமல் தலைமுட்டிப் பையன்களை இறக்கிக் காவலுக்கு வையுங்கள். ரசிகர்கள் சேரச் சேர மேடையை மேம்படுத்துங்கள், நல்ல படையெல்லாம் அதற்குப் பிறகுதான் கிடைக்கும். பெருந்திரளாகச் சேர்ந்தபின் எல்லோரையும் பின்தொடரச் சொல்லி ஒரே மூச்சாக எதிரி மேடைக்குப் போங்கள். துளித்துளியாக அனுப்பினால் துளித்துளியாகச் சாவார்கள். உங்கள் தோல்விகளுக்கு அதுதான் காரணமாக இருக்கும்.

அதன்பிறகும் பிடிக்கவில்லை என்றால் ஹெல்சிங்கர் வாங்குங்கள். வயர் உள்ள ஹெட்போனே போடுங்கள், ப்ளூடூத்தில் ஓசை ஒரு இமைப்பொழுது தாமதித்து வந்து தாளத்தைக் கெடுத்துவிடும். அம்மாவின் தூக்கத்துக்கும் அது நல்லது.

அன்புடன்,
வேலூரிலிருந்து