நட்பு, பொறாமை, காதல் மூன்றும் கலந்த பிரெஞ்சுக் கலைப்படம் பார்க்க ஆசை. எதிலிருந்து தொடங்கலாம்?

எரிக் ரோமர் 1987-ல் எடுத்த 'என் தோழியின் காதலன்' படத்தைச் சொல்வேன். பலரும் முதலில் கைகாட்டுவது த்ருஃபோவின் 'ஜூல் எ ஜிம்' (1962). அதுவும் நல்ல படம்தான். ஆனால் அங்கே காதல் உயிரைக் குடித்துவிட்டுத்தான் ஓய்கிறது. ரோமர் படத்தில் யாரும் சாவதில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்தால் வேலைக்குத் திரும்பிப் போகிறார்கள்.

கதை நடப்பது பாரிஸுக்கு வடமேற்கே செர்ஜி-போந்துவாஸ் என்ற புதுநகரில். பிளான்ஷ் நகராட்சி ஊழியை, கூச்ச சுபாவம். மதியச் சாப்பாட்டில் லேயா என்ற மாணவி பழக்கமாகிறாள். லேயாவுக்கு நீச்சல் தெரியாது, பிளான்ஷ் குளத்துக்குக் கூட்டிப் போகிறாள். அப்படியே நெருங்கிவிடுகிறார்கள். லேயாவின் காதலன் ஃபாபியன். பிளான்ஷுக்கோ அலெக்சாந்த்ர் என்ற இன்ஜினியர் மேல் ஒரு கண்; அவன் எதிரே வந்தால் வார்த்தை வராது. அப்புறம் லேயா விடுமுறைக்கு வெளியூர் போகிறாள். மிச்சத்தை ஊகித்திருப்பீர்கள்.

ஊகிக்க முடியாதது பிளான்ஷின் மனசாட்சி. ஃபாபியனுடன் ஓர் இரவு கழித்தவள், 'லேயா என் தோழி, இதோடு விட்டுவிடுவோம்' என்று அவனை விலக்குகிறாள். லேயாவோ அவனை விடுவதும் மறுபடி சேர்வதுமாகவே இருக்கிறாள். பொறாமையை இங்கே யாரும் கத்திக் காட்டுவதில்லை. மரியாதையாகப் பேசிக்கொண்டே உள்ளுக்குள் வேகிறார்கள்.

கடைசிப் பகுதியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை (கதை தெரியக் கூடாது என்பவர்கள் அடுத்த பத்திக்குத் தாவுங்கள்). தோழிகள் இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். தான் ஒருவனோடு சேர்ந்துவிட்டதை லேயா தயங்கித் தயங்கிச் சொல்கிறாள், பெயரை மட்டும் சொல்லவில்லை. ஃபாபியன்தான் என்று நினைத்து பிளான்ஷ் உடைந்து அழுகிறாள். லேயா சொன்னது அலெக்சாந்த்ரை. அவனைப் பறிகொடுத்ததற்குத்தான் அழுகிறாள் என்று லேயா வேறு சமாதானம் சொல்கிறாள்! சிரிப்பும் வருகிறது, பிளான்ஷைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கிறது.

ஒன்று மட்டும்: படம் முழுக்கப் பேச்சு, பின்னணி இசை கிட்டத்தட்ட இல்லை. சப்டைட்டில் படிக்கச் சலிப்பு என்றால் இது சரிப்படாது. பிடித்துப்போனால் அடுத்து அவருடைய 'கடற்கரையில் பவுலின்' (1983) பாருங்கள். அதில் பெரியவர்கள் தங்கள் வசதிக்குப் பொய் சொல்ல, பதினைந்து வயதுப் பெண்ணின் காதல் நடுவில் மாட்டிக்கொள்கிறது.