கூண்டுக் கிளியைக் காட்டுக் கூட்டத்தோடு சேர்க்கலாமா?

கேள்வி: ஏழு வருடமாகப் பச்சைக்கிளி வளர்க்கிறேன். இனிமேல் பார்த்துக்கொள்ள முடியாத நிலை. நான் இருக்கும் நாடு இந்தக் கிளிகளின் பூர்விக பூமி இல்லை. ஆனாலும் பக்கத்துப் பூங்காவில் இதே ரகக் கிளிகள் கூட்டமாகத் திரிகின்றன. அவற்றோடு விட்டால் பிழைத்துக்கொள்ளாதா?

பதில்: விடாதீர்கள். தட்டில் வைத்ததைத் தின்று வளர்ந்த பறவைக்கு இரை தேடத் தெரியாது. மேலே வல்லூறு வட்டமிட்டால் எங்கே ஒளிவதென்றும் தெரியாது. கூண்டிலேயே இருந்ததால் நெடுந்தூரம் பறக்கத் தெம்பும் இருக்காது.

ஒருவேளை பிழைத்துவிட்டால்? அதுதான் எனக்குப் பெரிய கவலை. நீங்கள் பார்க்கும் கூட்டமே இப்படி யாரோ விட்டதும் தப்பியதுமாகச் சேர்ந்ததாக இருக்கும். பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் 1974-இல் ஒரு பூங்காவிலிருந்து திறந்துவிடப்பட்டவை சில டஜன் கிளிகள்தான். இன்று அங்கே ஆயிரக்கணக்கில். லண்டன் கிளிகளை ராக் இசைக் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பறக்கவிட்டார் என்று ஒரு கதை உண்டு. சுவையான கதைதான். ஆனால் பழைய செய்தித்தாள் குறிப்புகளை வரைபடத்தில் வைத்து ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, அப்படி ஒற்றை மூலம் எதுவும் தெரியவில்லை என்றது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பியவையே பெருகியிருக்க வேண்டும்.

குளிர் கொன்றுவிடும் என்று எண்ண வேண்டாம். இமயமலை அடிவாரம் வரை வாழும் இனம் இது. தோட்டங்களில் பறவைகளுக்கு வைக்கும் தீனி வேறு கைகொடுக்கிறது. சிக்கல் மரப்பொந்தில்தான். இவை தாமாகப் பொந்து குடைவது குறைவு. இருப்பதைப் பிடித்து, வாயிலை அலகால் கொறித்துப் பெரிதாக்கிக்கொள்ளும். மற்ற பறவைகள் கூடு தேடும் முன்பே, குளிர்காலக் கடைசியிலேயே, வந்து உட்கார்ந்துவிடும். ஸ்பெயினின் செவில்யா நகரப் பூங்காவில் பொந்துக்காக அரிய பெரிய வௌவால்களைக் கடித்துக் கொன்றதும் பதிவாகியிருக்கிறது. இந்தியப் பெருங்கடல் தீவு நாடான சேஷெல்ஸின் மாஹே தீவில், உள்நாட்டுக் கருங்கிளிக்கு ஆபத்து என்று சில நூறு பச்சைக்கிளிகளை ஒழிக்கவே பல வருடம் பிடித்தது.

பல நாடுகளில் அந்நிய இனத்தைத் திறந்துவிடுவது குற்றமும்கூட.

பறவை மருத்துவரிடம் பேசுங்கள். பறவைக் காப்பகமோ அனுபவமுள்ள வளர்ப்பாளரோ யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கும். கொடுக்கும்போது பழைய கூண்டோடு கொடுங்கள். என்ன தின்னும், எந்தச் சொல்லுக்குத் திரும்பும், எதைக் கண்டால் கத்தும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுங்கள்.