வேர்க்குழாய் சிகிச்சை: கைக்குப் பழக்குவது எப்படி?

பல் மருத்துவ மாணவர்களுக்கு வேர்க்குழாய் சிகிச்சையில், அதாவது பல்வேருக்குள் ஓடும் குழாயைச் சுத்தம் செய்து நிரப்புவதில், பல ஆண்டுகளாகப் பயிற்சி அளித்துவரும் பேராசிரியர் ஒருவர், மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு அளித்த பதில்கள் இவை.

கேள்வி: முதலில் செயற்கைக் குழாய் கொண்ட பிளாஸ்டிக் பிளாக்கில் பழகுவது நல்லதா, பிடுங்கப்பட்ட பல்லில் பழகுவது நல்லதா, ஐயா?

பதில்: வளைந்த குழாய்க்குள் ஃபைல் (குழாயைச் சுரண்டி அகலப்படுத்தும் ஊசி போன்ற கருவி) எந்தப் பக்கச் சுவரை அதிகமாகச் சுரண்டுகிறது என்பதைக் கண்ணால் பார்ப்பதற்கு ஒளி ஊடுருவும் பிளாக்கைப் போல வேறொன்றும் உதவாது. ஆனால் அந்தப் பிளாஸ்டிக், பல்லின் உட்பகுதிக் கடினப் பொருளான டென்டினைப் போல உறுதியானதன்று. மோட்டாரில் இயங்கும் ரோட்டரி ஃபைல் சுழலும்போது எழும் சூட்டில் அது இளகி ஃபைலைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே இரண்டு, மூன்று பிளாக்குகளோடு நிறுத்திவிட்டு இயற்கைப் பல்லுக்கு வந்துவிடுங்கள். மேல் நடு வெட்டுப்பல்லில் தொடங்கி, முன்கடைவாய்ப் பல்லைக் கடந்து, கடைவாய்ப் பல்லுக்குச் செல்வதே முறை. சேகரித்த பற்களை ஒருபோதும் உலரவிடாதீர்கள். பாதரசக் கலவையான அமால்கம் அடைத்த பல்லை, நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைத்தால் பாதரச ஆவி வெளிப்படக்கூடும் என்பதால், அவற்றை மட்டும் 10 விழுக்காடு ஃபார்மலினில் இரண்டு வாரம் ஊறவைக்க வேண்டும்.

கேள்வி: கடைவாய்ப் பல்லைத் திறந்த பிறகு குழாய்வாய்களை (வேர்க்குழாய்கள் தொடங்கும் துளைகளை) கண்டுபிடிக்க முடியாமல் தடுமாறுகிறேன். தேடித் தேடிக் குடைந்ததில் ஒரு பல்லின் உள்ளறைத் தரையையே துளைத்துவிட்டேன்.

பதில்: பயிற்சிப் பல்லில் துளைத்தது நல்லதாயிற்று, அந்தப் பல்லை எறிந்துவிடாமல் எடுத்து வைத்துக்கொண்டு, பர் (துளையிடும் முனை) எந்தக் கோணத்தில் சென்றது என்று பாருங்கள். மாணவர்கள் பலரும் குழாயைத் தேடுகிறார்கள். தேட வேண்டியது தரையை. கிராஸ்னர், ராங்கோ என்ற ஆய்வாளர்கள் 500 பற்களை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட விதிகளைப் படித்துப் பாருங்கள். பல்லின் மேலுறையான எனாமலும் வேரின் உறையான சிமென்டமும் சந்திக்கும் மட்டத்தில், நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பற்கூழ் அறை எப்போதும் பல்லின் நடுவிலேயே அமைந்திருக்கும். தரை சுவர்களைவிடக் கருமையாக இருக்கும். குழாய்வாய்கள் தரையும் சுவரும் சேரும் கோட்டில்தான் இருக்கும். ஆகவே கருந்தரையின் ஓரம் முழுவதும் தெரியும்வரை கூரை இன்னும் மிச்சமிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். பரைக் கையில் எடுக்கும் முன், பல்லின் முகட்டிலிருந்து அறையின் கூரை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று எக்ஸ்ரேயில் அளந்து, அந்த ஆழத்தைப் பரிலேயே குறித்துக்கொள்ளுங்கள். என் மாணவர்கள் ஒவ்வொரு பல்லையும் திறந்ததும் ஃபைலைத் தொடும் முன் அதன் தரையைப் பென்சிலால் வரைந்து காட்ட வேண்டும் என்பது விதி. மேல் முதல் கடைவாய்ப் பல்லின் முன்கன்ன வேரில் இரண்டாவது குழாய் பெரும்பாலும் இருக்கும்; மூன்று வாய்களோடு திருப்தியடையும் மாணவரிடம் நான்காவது எங்கே என்று கேட்கத் தவறுவதில்லை.

கேள்வி: குழாயின் நீளம் 20 மில்லிமீட்டர் என்று அளந்து தொடங்குகிறேன், 25ஆம் எண் ஃபைலுக்கு (எண் கூடக் கூட ஃபைல் தடிக்கும்) வரும்போது 18.5க்கு மேல் இறங்க மறுக்கிறது. அழுத்தலாமா?

பதில்: அழுத்தவே கூடாது. அழுத்தினால் குழாயின் சுவரில், ஃபைலைத் தடுக்கும் படி விழும். விழுந்த படியைத் தாண்டுவது அனுபவசாலிகளுக்கே கடினம். உங்கள் குழாயின் அடியில் டென்டின் துகள் அடைத்திருக்க வேண்டும், இல்லையெனில் படி ஏற்கெனவே விழுந்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஃபைலுக்குப் பின்னும் கழுவிவிட்டு 10ஆம் எண் ஃபைலை முழு நீளத்துக்கும் இறக்கிப் பார்க்கும் பழக்கத்தை விடாதீர்கள். படி விழுந்துவிட்டால், அதே 10ஆம் எண் ஃபைலின் நுனியில் இரண்டு, மூன்று மில்லிமீட்டரை வளைத்து, வளைவின் திசையை, ஃபைலில் நீளத்தைக் குறிக்கும் ரப்பர் ஸ்டாப்பரில் அடையாளமிட்டு, மெல்லத் தடவித் தேடுங்கள்.

மாணவர்கள் அவ்வளவாகக் கவனிக்காத ஒரு கணக்கையும் இங்கே சொல்ல வேண்டும். 10இலிருந்து 15க்குச் செல்லும்போது நுனியின் விட்டம் 0.10 மில்லிமீட்டரிலிருந்து 0.15 ஆகிறது, அதாவது 50 விழுக்காடு கூடுகிறது. 50இலிருந்து 55க்கு 10 விழுக்காடுதான். எண்களின் இடைவெளி ஒன்றுதான் என்றாலும் கைக்கு அது ஒன்றன்று. 10ஆம் எண் ஃபைல் குழாயில் தளர்வாக ஆடும்வரை 15ஐத் தொடாமல் இருந்தால் உங்கள் சிக்கலில் பாதி எழாது.

கேள்வி: ரோட்டரி இருக்கும்போது கை ஃபைலில் ஏன் இவ்வளவு நாள் பழக வேண்டும்?

பதில்: எஃகு ஃபைலின் திருகு அவிழ்வதைப் பெரும்பாலும் கண்ணால் பார்த்து ஒதுக்கிவிடலாம், நிக்கல் டைட்டானியம் ஃபைல் எந்த அறிகுறியும் காட்டாமலே முறியக்கூடும். குழாய் எங்கே இறுகுகிறது, எங்கே வளைகிறது என்பதை விரல் அறிந்த பிறகே மோட்டாரிடம் ஒப்படைக்க வேண்டும்.

கேள்வி: குழாயைக் கழுவும் ஹைப்போகுளோரைட் திரவம் வேர்நுனிக்கு வெளியே போய்விடுமோ என்ற அச்சத்தில் மாணவர்கள் குறைவாகவே கழுவுகிறார்கள். எப்படிக் கற்பிப்பது?

பதில்: அச்சம் நியாயமானது, ஆனால் அதற்குத் தீர்வு குறைவாகக் கழுவுவதன்று. ஃபைல் வழியை அமைக்கிறது. அது தொடாத சுவர்ப் பரப்பு எந்தக் குழாயிலும் உண்டு, அங்கே சுத்தம் செய்வது திரவம்தான். பக்கவாட்டில் துளையுள்ள ஊசியை அளந்த நீளத்துக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மேலேயே நிறுத்தி, அது எங்கும் இறுகாமல் மேலும் கீழும் அசைந்துகொண்டிருக்க, கட்டைவிரலால் அன்றி ஆள்காட்டி விரலால் மெல்ல அழுத்தப் பழக்குங்கள். கடைசியில் 17 விழுக்காடு இடிடிஏ என்ற கரைசலை ஏறத்தாழ ஒரு நிமிடம் விட்டுவைத்தால் சுவரில் அப்பிய படலம் நீங்கும். ஹைப்போகுளோரைட்டும் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியும் குழாய்க்குள் கலக்கக் கூடாது. பழுப்பு நிறப் படிவு உண்டாகும்.

கேள்வி: பயிற்சிப் பற்களில் ரப்பர் டேம் (சிகிச்சை செய்யும் பல்லை மட்டும் தனித்து நிறுத்தும் ரப்பர் விரிப்பு) தேவையா? நண்பர்கள் யாரும் போடுவதில்லை என்கிறாள் என் வகுப்புத் தோழி.

பதில்: மாதிரித் தாடையில் பொருத்தித்தான் பழக வேண்டும், ரப்பர் டேமோடுதான் பழக வேண்டும். 1864 முதல் நம்மிடம் உள்ள கருவி அது.

கேள்வி: நான் புதிதாக ஆசிரியப் பணியில் சேர்ந்தவள். இறுதி எக்ஸ்ரே அழகாக இருந்தால் முழு மதிப்பெண் தரலாமா?

பதில்: தர வேண்டாம். எக்ஸ்ரே காட்டுவது ஒரு பக்கத்தின் நிழலை. கன்னப் பக்கமாகவோ நாக்குப் பக்கமாகவோ குழாய் விலகியிருந்தால் அதில் தெரியாது. கையில் பல் இருக்கும்போது அதைத் திருப்பி வைத்து இன்னொரு படம் எடுங்கள். பிறகு வேரைக் குறுக்காக மூன்று இடங்களில் வெட்டி, குழாயை நிரப்பிய கட்டாபெர்ச்சா சுவரோடு சேர்ந்திருக்கிறதா என்று மாணவரையே லென்ஸில் பார்க்கச் சொல்லுங்கள். மதிப்பெண்ணைத் திறப்பு, நீளம், வடிவமைப்பு, நிரப்புதல் எனப் பிரித்துக் கொடுங்கள். நோயாளியிடம் முதன்முறை அனுப்பும்போதும் ஒரு வேர் கொண்ட முன்பல்லையே கொடுத்து, இதே நான்கு இடங்களிலும் நீங்கள் வந்து பார்த்த பிறகே அடுத்த படிக்குச் செல்ல அனுமதியுங்கள்.